25 விழுக்காடு கூடுதல் பரப்பு தருகிறாராம், கையெழுத்துப் போடலாமா?

மாம்பலத்து மகள்:
மேற்கு மாம்பலத்தில் அம்மா குடியிருக்கும் அடுக்ககம் 1988இல் கட்டியது. 3 கிரவுண்டு மனை, 12 வீடுகள், ஒவ்வொன்றும் 900 சதுர அடி. கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மழை நாளில் அம்மா அதன் கீழே வாளி வைக்கிறார். இடித்துக் கட்டித்தர ஒரு பில்டர் வந்திருக்கிறார். ஆளுக்கு 25 விழுக்காடு கூடுதல் பரப்பு, ஒரு பைசா தரவேண்டாம் என்கிறார். 9 பேர் சம்மதித்துவிட்டார்கள், 3 பேர் மறுக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பவர் பத்திரத்தில் கையெழுத்து வேண்டுமாம். போடலாமா?

கீழ்வீட்டுக்காரர்:
2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். 12இல் 8 பேர். உங்களிடம் 9 பேர். தைரியமாகப் போடுங்கள்.

முன்னாள் செயலாளர்:
தைரியத்துக்குக் குறைவில்லை, கணக்குத்தான் இடிக்கிறது. 3 கிரவுண்டு என்றால் 7,200 சதுர அடி. மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்எஸ்ஐ. அன்று அது 1.5, அதாவது 10,800. உங்கள் 12 வீடுகளும் சேர்ந்து அதே அளவுதான். இன்று எஃப்எஸ்ஐ 2. ஆகவே 14,400 கட்டலாம். உங்களுக்கே 25 விழுக்காடு கூட்டிக் கொடுத்தால் 13,500 போய்விடும். மிச்சம் 900. ஒரே ஒரு வீட்டை விற்று 13 வீடு கட்டுகிற பில்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. மாம்பலத்தில் இலவசமாகக் கிடைப்பது கொசு மட்டும்தான்.

அவர் நம்பியிருப்பது பிரீமியம் எஃப்எஸ்ஐயாக இருக்கும். அரசுக்குக் கட்டணம் செலுத்தி மேலும் கட்டலாம். எவ்வளவு என்பதைத் தெருவின் அகலம் தீர்மானிக்கும். 9 மீட்டருக்கு, அதாவது சுமார் 29 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்த தெருவுக்கு அது கிடையாது. எங்கள் அடுக்ககத்தின் பத்திரத்தில் ‘30 அடிச் சாலை’ என்றுதான் எழுதியிருந்தது. ஒருநாள் விடியற்காலை, பால் வண்டி வருவதற்கு முன், நானும் பொருளாளரும் நாடா பிடித்தோம். 28 அடி 4 அங்குலம்! எதிர்வீட்டுக்காரர் சுற்றுச்சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தார். 9 மீட்டருக்குக் குறைந்த அந்த 14 அங்குலத்தில், பில்டரோடு எங்களுடைய ஒன்றரை வருடப் பேச்சு போயிற்று.

‘கூடுதல்’ என்பது பொது இடங்களையும் சேர்த்த சூப்பர் பில்டப்பா, வீட்டுக்குள் புழங்கும் கார்பெட்டா என்றும் கேளுங்கள். படிக்கட்டையும் லிஃப்டையும் சேர்த்துக்கொண்டு 25 விழுக்காடு காட்டிவிடலாம். அம்மா கட்டில் போட அது உதவாது. பிறகு 12 பத்திரங்களிலும் உள்ள பிரிபடாத பாகத்தை, அதாவது மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கை, கூட்டிப் பாருங்கள். 7,200 வராவிட்டால், மீதி இன்னும் பழைய மனைக்காரர் பெயரிலேயே இருக்கலாம்.

கீழ்வீட்டுக்காரர்:
சட்டத்தைச் சொன்னேன், தெருவை மறந்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

மாம்பலத்து மகள்:
இன்று காலை தம்பியோடு போய் அளந்தேன். எங்கள் வாசலில் 31 அடி. தெருமுனையில், டிரான்ஸ்ஃபார்மர் அருகே 27. எதை எடுத்துக்கொள்வார்கள்?

முன்னாள் செயலாளர்:
அதே கேள்வியை பில்டரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள் அம்மா. வெள்ளிக்கிழமை தானாகவே தள்ளிப்போகும்.