பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தான்: மாசமாக இருந்தபோது ரத்தம் குறைந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உசிலம்பட்டிக்காரி:

வெட்கத்தை விட்டு நானே ஆரம்பிக்கிறேன். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரைகளில் பாதியைக்கூட நான் விழுங்கவில்லை. போட்டால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஏப்பம் வரும். அத்தை கண்ணில் படாமல் கொல்லையில் இருந்த மல்லிகைத் தொட்டிக்குள் புதைத்துவிடுவேன். (அந்த வருஷம் செடி நன்றாகவே பூத்தது.) ஆனால் பச்சரிசியை மட்டும் கை கையாக அள்ளி மென்றுகொண்டிருந்தேன். "மசக்கைக்காரி, திங்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். இரும்பு குறைந்தால் அரிசி, சாம்பல், செங்கல் பொடி என்று நாக்கு அலையும் என்பது வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

எட்டாம் மாதம் பார்த்தால் ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7.9. மாசமாக இருப்பவர்களுக்கு 11 இருக்க வேண்டுமாம். படுக்க வைத்து நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். நாள் குறித்ததற்கு மூன்று வாரம் முன்பே வலி வந்துவிட்டது. பையன் 2 கிலோ 300 கிராம். ஆனால் நல்ல சிவப்பு, நல்ல அழுகை. அவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் சரியாகவே இருந்தது. தப்பித்தோம் என்று பாண்டி கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம்.

எட்டு மாதத்தில்தான் தெரிந்தது. தவழ வேண்டிய பிள்ளை மடியிலேயே சாய்ந்து கிடந்தான். உள்ளங்கை வெள்ளைத் தாள் மாதிரி. எதை ஊட்டினாலும் துப்பினான். ரத்தம் 7.6. குழந்தை டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கடைசி மூணு மாசத்துலதாம்மா பிள்ளை உங்கிட்ட இருந்து இரும்பை வாங்கிச் சேத்து வைக்கும். நீ குதிர்ல நெல்லு கொஞ்சமாப் போட்டு அனுப்பிருக்க. அந்தக் கொஞ்சத்தையும் முதல்ல ரத்தத்துக்கு எடுத்துக்கிரும், மூளைக்கு மிச்சம்தான். அதான் பிறந்தப்ப ரத்தத்தைப் பார்த்தா சரியா இருந்துச்சு."

தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான், இருப்பது நன்றாக உடம்பில் ஒட்டும். குதிர் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு அதை வைத்தே ஆறு மாதம் ஓடிவிடும். எடை குறைந்து பிறந்ததற்கு ஓடாது. இரண்டாம் மாதத்திலிருந்தே இரும்புச் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பும்போதே சீட்டில் எழுதியிருந்தார்கள். "பச்சப்பிள்ளைக்கு எதுக்குடி இரும்பு?" என்று எங்கள் அம்மாச்சி கேட்டது. நானும் சரி என்று சீட்டை மடித்து வைத்துவிட்டேன்.

மேலூர் நர்சம்மா (ஓய்வு):

தங்கச்சி, மல்லிகைத் தொட்டி நீ ஒருத்தி இல்லை. கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது வைக்கோல் படப்பு, கிணறு, அடுப்பு என்று எல்லா இடத்திலும் மாத்திரையைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு மலச்சிக்கல், குமட்டல். அது நியாயம். ஆனால் இங்கே பெரிய தடை இரண்டு பேச்சுதான்: மாத்திரை தின்றால் பிள்ளை கருத்துப் பிறக்கும், பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும். இரண்டும் பொய். கருப்பது மலம் மட்டும்தான். அதனாலேயே நான் "மாத்திரை போட்டியா?" என்று கேட்கவே மாட்டேன். "வெளிக்குக் கருப்பா போகுதா?" என்றுதான் கேட்பேன். முழிக்கிற முழியிலேயே விஷயம் வெளியே வந்துவிடும்.

ஒழுங்காக விழுங்கியும் ஏறாதவர்கள் உண்டு. விசாரித்தால் மாத்திரை போட்ட கையோடு டீ குடித்திருப்பார்கள், இல்லை சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். இரண்டுமே இரும்பை உடம்பில் ஒட்டவிடாது. எலுமிச்சம்பழச் சாற்றோடு போட்டால் நன்றாக ஒட்டும். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பெற்ற பிறகும் 180 நாள். பெற்றதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த பிள்ளை சீக்கிரமே தங்கிவிட்டால் அது காலிக் குதிரில்தான் வளரும்.

அலங்காநல்லூர் அப்பா:

என் மனைவிக்கு 8.6. தனியார் இடம் ஒன்றில் "லேசாக் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் ஞாயிறு தவறாமல் கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) சொல்லி வைத்து வாங்கினேன், தினம் முருங்கைக்கீரை. ஒன்றரை மாதம் கழித்து 8.8! சுவரொட்டி நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு இறங்கிய பிறகு சாப்பாட்டை மட்டும் நம்பியது என் முட்டாள்தனம். மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் ஏறியது.

சோழவந்தான் மருமகள்:

எனக்கும் கடைசிவரை 9 தாண்டவில்லை. பிரசவத்தில் பிள்ளை வெளியே வந்தும் கொடியை வெட்டாமல் நின்றார்கள். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கத்திவிட்டேன். "ஒரு நிமிஷம் இரும்மா, நஞ்சுக்கொடியில இருக்கிற அவ ரத்தம் அவளுக்கே போகட்டும்" என்றார் நர்ஸ். அந்த ஒரு நிமிஷத்தில் போகிற ரத்தத்தில் இருக்கும் இரும்பு பிறகு மாதக்கணக்கில் கைகொடுக்குமாம். அத்தைக்கு மட்டும் இன்னும் கோபம், கொடியை லேட்டாக வெட்டினதால்தான் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தது என்று. இரண்டு நாள் நீல வெளிச்சத்தில் வைத்தார்கள், சரியாகிவிட்டது.

சந்தேகம் ஒன்று. பிறந்தபோது அவளுக்கு 17 இருந்தது. இப்போது மூன்று மாதம், 10.4 என்கிறார்கள். குதிர் தீர்ந்துவிட்டதா?

மேலூர் நர்சம்மா (ஓய்வு):

பதறாதே. பிறக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் ரத்தம் அதிகமாகத்தான் இருக்கும், இரண்டு மூன்று மாதத்தில் தானாக இறங்கும். அது இயற்கை. ஆனால் உனக்கு 9 இருந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல். ஃபெரிட்டின் என்றெல்லாம் நீயாகப் போய் லேபில் பார்க்காதே, இரும்புச் சேமிப்பைக் காட்டும் அந்தப் பரிசோதனை வேண்டுமா என்பதை அவரே சொல்வார். ஒரு வயதுக்கு முன்னால் மாட்டுப்பால் ஊற்றிவிடாதே.

அலங்காநல்லூர் அப்பா:

உசிலம்பட்டி அக்கா, மூத்தவன் இப்போது எப்படி இருக்கிறான்?

உசிலம்பட்டிக்காரி:

சிரப் கொடுத்து 11க்கு வர நாலு மாதம் ஆனது. முகம் தெளிந்தது, சோறு இறங்கியது. நடந்தது 16 மாதத்தில். பேச்சு ரொம்ப லேட். இதனால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது ஒன்றாம் வகுப்பு. வகுப்பில் வாயை மூடுவதே இல்லை என்று போன வாரம் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன், அவருக்கு ஏன் என்று புரியவில்லை.