மாத்திரையைப் பாதியில் நிறுத்திய இருவர்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் டிபி பற்றிப் பேச்செடுத்தாலே, "எல்லாம் வடக்கேருந்து வர்ற பசங்க கொண்டு வர்றதுதாங்க" என்பார்கள். டிபி நோயாளிகளின் வீட்டுக்கே போய் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு. இந்தப் பேச்சைக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

ஒடிசாப் பையன் ஒருவர், தோல் தொழிற்சாலையில் வேலை. ஒரே அறையில் எட்டுப் பேர். கொசுவுக்காக ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். இருமல் நிற்கவில்லை என்று மேஸ்திரி கூட்டிவந்தார். சளியை ட்ரூநாட் என்ற பரிசோதனைக் கருவியில் பார்த்ததில் டிபி இருந்தது, அதுவும் டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத டிபி. முன்பு மாத்திரை சாப்பிட்டீர்களா என்றால் இல்லை என்று தலையாட்டினார். "ஒன்றுக்கு எப்போதாவது சிவப்பாகப் போனதா?" என்றதும் முகம் மாறிவிட்டது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், யாரும் மறக்க மாட்டார்கள். பையின் ஜிப்பைத் திறந்து, பாதி பிரித்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஊரில் இரண்டு மாதம் சாப்பிட்டிருக்கிறார். இருமல் நின்றது, வீட்டில் கடன், காட்பாடிக்கு ரயில் ஏறிவிட்டார்.

இன்னொருவர் குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவர், லுங்கி நெய்கிறவர். முதலில் தனியாரிடம் காட்டினார், காசு தீர்ந்ததும் நிறுத்தினார். அப்புறம் அரசு மாத்திரை. அந்தச் சமயம் பார்த்து மகளுக்கு வரன் வந்தது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று சிகிச்சை அட்டையை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்துவைத்தார், மாத்திரையும் நின்றது. அவருக்கும் அதே ரிசல்ட்தான்.

பாதியில் நிறுத்தினால் மருந்துக்குச் சாகாத கிருமிகள் மிஞ்சிப் பெருகுகின்றன. 2014-16இல் நாடு முழுக்க நடந்த ஆய்வில், புதிதாக டிபி வந்தவர்களில் 2.84 சதவீதம் பேருக்குப் பல மருந்து எதிர்ப்பு, அதாவது ரிஃபாம்பிசின் உட்பட முக்கிய மருந்துகளுக்கே கட்டுப்படாத டிபி, இருந்தது. முன்பே மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 11.62 சதவீதம். அந்த 2.84இல் பலர் அடுத்தவரிடமிருந்தே எதிர்ப்புக் கிருமியை வாங்கியவர்கள். அதனால்தான் அறையில் இருந்த மற்ற ஏழு பேரையும், நெசவாளர் வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தோம்.

வெளியூர்க்காரருக்குக் கூடுதல் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. டிபி நோயாளியின் வங்கிக் கணக்கில் அரசு போடும் சத்துணவுத் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். ஆனால் இந்தப் பையனின் பாஸ்புக் ஊரில் அம்மாவிடம் இருந்தது. டிபி என்று தெரிந்ததும் அறைச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னார். சிகிச்சை தொடங்கினால் தொற்றும் அபாயம் குறைந்துகொண்டே வரும் என்று டாக்டரையே போனில் பேச வைத்த பிறகுதான் இறங்கிவந்தார். பையன் இப்போது, எதிர்ப்பு டிபிக்குத் தரும் பெடாகுயிலின் என்ற மருந்து சேர்ந்த சிகிச்சையில் இருக்கிறார். அது இதயத்துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் அவ்வப்போது ஈசிஜி எடுக்கிறோம்.

உங்களிடம் வெளியூர் ஆட்கள் வேலை செய்தால் ஒன்று கேட்கிறேன். டிபி மாத்திரை சாப்பிடுகிறவர் ரத யாத்திரைக்கோ தீபாவளிக்கோ ஊருக்குக் கிளம்பினால், ரயில் ஏறும் முன் சிகிச்சை தரும் இடத்தில் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அரசின் டிபி பதிவேடான நிக்ஷயில் ஒவ்வொரு நோயாளிக்கும் தரும் எண் நாடு முழுக்கச் செல்லும். அதை வைத்து அந்த ஊர் மையத்துக்குச் சிகிச்சையை மாற்றிவிடலாம், வழிக்கு வேண்டிய மாத்திரையும் கையில் கொடுத்தனுப்பலாம்.