லோக்கல் ரயில்ல டாய்லெட் இல்ல, அதனால தண்ணியே குடிக்கிறதில்ல. மும்பையில இதுக்கு என்ன வழி?

டோம்பிவிலி_7_20 (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வயசு 34, பெண், எடை 58 கிலோ. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்ல. காலை 7:20க்கு டோம்பிவிலியில ஃபாஸ்ட் லோக்கல், 9 மணிக்கு ஃபோர்ட்ல ஆபீஸ், முழுக்க ஏசி. சாயங்காலம் 6க்குக் கிளம்பினா வீடு சேர எட்டாயிடும். வழியில டாய்லெட் தேட வேண்டி வருமேன்னு காலையில ஒரு டம்ளர் காபியோட நிறுத்திடறேன். நாள் முழுக்கச் சேர்த்தா 700 மில்லி தேறினாலே அதிகம். நாலு மணிக்குத் தலை கனக்குது, சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்துல போகுது, போன வருஷம் ரெண்டு தடவை நீர்க்கடுப்பு.

"தினம் 3 லிட்டர் குடி"ன்னு சொல்றது சுலபம். இந்த டைம்டேபிள்ல எப்போ, எவ்வளவு குடிக்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. காபி, டீ, மோர் கணக்குல சேருமா? வீட்டுல 67 வயசு அத்தை இருக்காங்க, பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க, தாகமே எடுக்கலைங்கறாங்க. அவங்களுக்கு எவ்வளவு?

—

மாட்டுங்கா_டயட்

உங்க பிரச்சினையில லிட்டர் ரெண்டாவது விஷயம். நேரம்தான் முதல். சிறுநீர்ப்பை நிரம்பற வேகத்தைப் புரிஞ்சுக்கிட்டா ரயில் நேரம் தானா சரியாயிடும்.

சாதாரணமா சிறுநீரகம் நிமிஷத்துக்கு சுமார் 1 மில்லி உற்பத்தி பண்ணும். அந்தக் கணக்குல 7:10ல இருந்து 9 வரைக்கும் 110, 120 மில்லிதான் சேரும். பைக்குள்ள 150-200 மில்லி சேர்ந்தப்புறம்தான் முதல் உணர்வே வரும், 400-500 வரை தாங்கும். அதாவது ரயில்ல ஒண்ணும் ஆகக் கூடாது. ஆனா வெறும் வயித்துல அரை லிட்டரை ஒரே மூச்சுல குடிச்சா கதை வேற. ரத்தம் லேசா நீர்த்ததும், தண்ணியைப் பிடிச்சு வைக்கச் சொல்ற ஹார்மோன் சட்டுனு இறங்கிடும். சிறுநீர் வேகம் பல மடங்கு கூடும். அரை மணிக்கு மேல ஆரம்பிச்சு, ஒரு மணி நேரத்துல உச்சத்துக்குப் போய், ரெண்டு மணி நேரத்துல பெரும்பாலும் வடிஞ்சிடும். வாசல்ல செருப்பு மாட்டறப்போ ஒரு பாட்டில் குடிச்சா குர்லா தாண்டறதுக்குள்ள தவிக்கறது இதனாலதான்.

அதே அரை லிட்டரை 5:30க்குக் குடிங்க. அந்த உச்சம் வீட்டுலயே முடிஞ்சிடும். ஆறேகாலுக்கு ஒரு தடவை, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டா பை காலி. ராத்திரி முழுக்க மூச்சுலயும் தோல் வழியாவும் போன தண்ணியும் ஈடாயிடும். மலச்சிக்கல் இருக்கறவங்களுக்கு இந்தக் காலைத் தண்ணி தனி லாபம், வயிறு நிறையும்போது பெருங்குடல் அசையும். இட்லி, உப்புமான்னு சாப்பாட்டோட 150 மில்லி குடிச்சா பரவாயில்ல, உப்பும் உணவும் சேர்ந்த தண்ணி மெதுவாத்தான் இறங்கும். காபியை மட்டும் ஆபீஸ் போனப்புறம் வச்சுக்கலாம். காபி உடம்பை வறட்சியாக்கறதில்ல, ஆனா சிலருக்கு சிறுநீர்ப்பையைச் சீண்டி அவசரத்தைக் கிளப்பும்.

ரயில்ல நாக்கு நனையற அளவுக்கு ஒரு வாய், ரெண்டு வாய். ஆபீஸ்தான் உங்க சொத்து, டாய்லெட் பத்தடியில இருக்கு. 9 மணிக்கு 300, அப்புறம் மணிக்கு 150 வீதம், மதியச் சாப்பாட்டோட 200, நாலரைக்கு கடைசி 200. நாலரைக்கு மேல தொண்டை நனைக்க மட்டும். 5:50க்கு அவசியம் தோணாட்டியும் போயிட்டுக் கிளம்புங்க. எட்டு மணிக்கு வீட்டுல 300, சாப்பாட்டோட ரசமோ மோரோ. படுக்கறதுக்கு ரெண்டு மணி முன்னாடி நிறுத்தினா ராத்திரித் தூக்கமும் கெடாது.

இன்னொண்ணு. தண்ணியைக் குறைச்சா அவசரம் குறையும்னு நினைக்கறோம். அடர்த்தியான சிறுநீர் பையோட உள்சுவரை உறுத்தும், அதனால கொஞ்சம் சேர்ந்தாலே போகணும் போல இருக்கும். முதல் வாரம் அலைச்சல் கூடும், அதுக்கப்புறம் பை பழகிக்கும். எடுத்த எடுப்புல முழு அளவுக்குப் போகாம, மூணு நாளைக்கு ஒரு தடவை 250 மில்லியா கூட்டுங்க.

—

நெஃப்ரோ_டெக்_செம்பூர்

மேலே சொன்ன நேரக் கணக்கு சரி. அளவையும் நீர்க்கடுப்பையும் நான் சொல்றேன்.

எட்டு டம்ளர் விதிக்குப் பூர்வீகம் 1945ல் அமெரிக்க உணவு வாரியம் சொன்ன இரண்டரை லிட்டர் என்பார்கள். அதன் அடுத்த வரியிலேயே "இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது" என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரி காணாமல் போய்விட்டது! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கில் பெண்ணுக்கு உணவும் பானமும் சேர்த்து 2 லிட்டர், ஆணுக்கு 2.5. அது மிதமான தட்பவெப்பத்துக்கு. வடித்த சோற்றில் சுமார் 70 சதவீதம் தண்ணீர்தான். சாம்பார், ரசம், மோர் என்று சாப்பிடுபவருக்கு உணவிலிருந்தே அரை லிட்டருக்கு மேல் வந்துவிடும். அதனால் உங்களுக்குக் குடிக்கும் அளவாக 1.8 முதல் 2 லிட்டர், ஏப்ரல் முதல் மழை பிடிக்கும் வரையும் அக்டோபர் வெயிலிலும் கூடுதலாக ஓர் அரை லிட்டர் போதும். இப்போதைய 700 மில்லி நிச்சயமாகப் போதாது.

நீர்க்கடுப்பு ரெண்டு முறை வந்தது தற்செயல் என்று விட வேண்டாம். நுழைந்த கிருமியைச் சிறுநீர்தான் அடித்துக்கொண்டு போக வேண்டும். ஒன்பது மணி நேரம் பை தேங்கியிருந்தால் அது பெருக நேரம் கொடுத்த மாதிரி. 2018ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் கூடுதலாக ஒன்றரை லிட்டர் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2. மருந்தில்லாமல் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. சிறுநீரகக் கல்லுக்கும் இதே தர்க்கம்தான். கல்லாக மாறும் உப்பான கால்சியம் ஆக்ஸலேட், அடர்த்தியான சிறுநீரில்தான் படிகமாகும். ஒரு தடவை கல் வந்தவர்கள் சிறுநீரே தினம் இரண்டரை லிட்டர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். இத்தாலியில் 1996ல் வெளியான ஐந்து வருட ஆய்வில், நிறையக் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பி வந்தது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். விடியற்காலைச் சிறுநீர் எல்லோருக்கும் அடர்த்தியாகத்தான் இருக்கும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் எவ்வளவு குடித்தாலும் பளிச்சென்ற மஞ்சள்தான். பத்து மணிக்கு மேல் போவது வைக்கோல் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்துவிடலாம். காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை அளவு போட்ட பிளாஸ்டிக் மக்கில் அளந்து எழுதுங்கள். ஒன்றரை லிட்டருக்குக் கீழே இருந்தால் கூட்ட வேண்டும்.

நாலு மணித் தலைக்கனத்தைப் பற்றி: உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே தலைவலி, கவனச் சிதறல் வரும். உங்கள் எடைக்கு அது 600 மில்லியிலிருந்து 1.2 லிட்டர். ஆனால் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும், வழக்கமான காபி தவறுவதும் இதே தலைவலியைத் தரும். பத்து நாள் ஒழுங்காகக் குடித்தும் மாறாவிட்டால் தண்ணீர் காரணமில்லை, டாக்டரிடம் காட்டுங்கள். குளிர் காய்ச்சல், விலாப்புற வலி, சிறுநீரில் ரத்தம் வந்தால் பத்து நாளெல்லாம் காத்திருக்கக் கூடாது.

விட்டதைப் பிடிக்கிறேன் என்று வீட்டுக்கு வந்ததும் ரெண்டு லிட்டரைக் கவிழ்க்கவும் வேண்டாம். சிறுநீரகம் மணிக்கு அதிகபட்சம் 800 மில்லியிலிருந்து 1 லிட்டர்தான் வெளியேற்றும். அதைத் தாண்டிக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகும்.

—

சயான்_கோலிவாடா

காபி, டீ, மோர் எல்லாமே கணக்குல சேரும் அக்கா. கட்டிங் சாய் (அரை டம்ளர் டீ) கூட. பழக்கமானவங்களுக்கு நாலு மணி நேரக் கணக்குல பார்த்தா டீயும் தண்ணியும் கிட்டத்தட்ட ஒரே அளவு சிறுநீர்தான். பாலும் மோரும் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே நிக்கும், அதுல உப்புச்சத்தும் புரதமும் இருக்கறதால. சாயங்கால ரயிலுக்கு முன்னாடி வெறும் தண்ணியை விட ஒரு டம்ளர் மோர் நல்லதுன்னு நான் சொல்லுவேன். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. லீவு நாள்ல நீராகாரம், சின்ன வெங்காயம். இதுக்கு மேல என்ன வேணும்?

மும்பைப் புழுக்கத்துல ஒரு விஷயம் தப்பாப் புரியுது. வியர்வை வழியறதால உடம்பு குளிராது, ஆவியானாதான் குளிரும். காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா சொட்டி வீணாப் போகும், உடம்பு இன்னும் ஊத்தும். எவ்வளவு போச்சுன்னு பார்க்க, வெளியில அலையறதுக்கு முன்னாடியும் அப்புறமும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர். இடையில குடிச்சதையும் அதோட கூட்டிக்கணும்.

ஆபீஸ் போய் வர்றதுக்கு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) தேவையில்ல, சாம்பார் உப்பே போதும். வயித்துப்போக்குக்கு வேணும். அங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. சில பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சில பாக்கெட் 200 மில்லிக்கு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சா உப்பும் சர்க்கரையும் கெட்டியாகி போக்கு கூடும். பாக்கெட் கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரை விட உப்புக் கரிச்சா கொட்டிட்டு மறுபடி கலக்குங்க. டெட்ரா பேக் ஜூஸ் இதுக்கு மாற்று இல்ல, சர்க்கரை அதிகம்.

ஆமா, தோல் பளபளக்கும், "டீடாக்ஸ்" ஆகும்னு ரீல்ஸ்ல சொல்றதை விட்டுடுங்க. டீடாக்ஸ் பண்ண சிறுநீரகமும் கல்லீரலும் சம்பளமில்லாம வேலை பார்க்குது.

—

டோம்பிவிலி_7_20

ரொம்ப நன்றி. 5:30 யோசனை புரிஞ்சுது. ஒரு லிட்டர் பாட்டில் தூக்கிட்டுப் போறது கூட்டத்துல கஷ்டம், ஆபீஸ் கேன் தண்ணி ஒரு வாடை அடிக்குது. வீட்டுல ஆர்ஓ (தண்ணியில உப்பைக் குறைக்கற ஃபில்டர்) போடணுமா? நடுவுல அவசரம் வந்தா என்ன பண்றது?

—

சொசைட்டி_டேங்க்

ஆர்ஓவுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிப் பாருங்க. குடிதண்ணிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500ல ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். மும்பைக்கு ஏழு ஏரித் தண்ணி, கல்யாண் டோம்பிவிலிக்கு உல்லாஸ் ஆத்துத் தண்ணி. குழாயில வர்றது 500க்குக் கீழே இருந்தா ஆர்ஓ வேண்டாம், வீணாக் கொட்டற தண்ணிதான் மிச்சம். போர்வெல்லோ டேங்கரோ கலந்தா மட்டும் யோசிங்க.

உண்மையான ஆபத்து கிருமி. குழாயில நாள் முழுக்க அழுத்தம் இருக்காது. தண்ணி நின்ன நேரத்துல உள்ளே வெற்றிடம் உண்டாகி, பக்கத்துச் சாக்கடை ஈரத்தை விரிசல் வழியா இழுக்கும். மழைக்காலத்துல மஞ்சள்காமாலை பரவற வழிகள்ல இது ஒண்ணு. தண்ணி வந்த முதல் சில நிமிஷத்தைச் செடிக்கு விடுங்க. யூவி ஃபில்டர் (புற ஊதா ஒளியால கிருமியைக் கொல்றது) போதும், ஆனா கலங்கின தண்ணியில யூவி வேலை செய்யாது, அதுக்கு முன்னாடி இருக்கற, கலங்கலை வடிகட்டற செடிமென்ட் ஃபில்டரை மாத்திட்டே இருக்கணும். கொதிக்க வைக்கறதுன்னா தளதளன்னு கொதி வந்து ஒரு நிமிஷம். ஆறினப்புறம் அதுல கிருமியைத் தடுக்கற குளோரின் மிச்சமிருக்காது, மூடி வச்சு அன்னைக்கே குடிச்சிடுங்க. சொசைட்டியில (குடியிருப்புச் சங்கத்துல) கீழ்த்தொட்டி, மேல்தொட்டி ரெண்டையும் மழைக்கு முன்னயும் பின்னயும் கழுவச் சொல்லுங்க.

கேன் வாடைக்குக் காரணம் பெரும்பாலும் கேன் இல்ல, டிஸ்பென்சர். உள்தொட்டியும் குழாய் நுனியும் கழுவாம பாசி படியும். அட்மின்கிட்ட கேளுங்க.

—

மாட்டுங்கா_டயட்

பாட்டில்: 500 மில்லி ஸ்டீல், அகல வாய். ஆபீஸ்லதான் நிரப்பப் போறீங்க, ரயிலுக்குக் கால் பாட்டில் போதும். வாடைக்கு இன்னொரு காரணம் மூடிக்குள்ள இருக்கற ரப்பர் வாஷர். வாரம் ஒரு தடவை அதைக் கழட்டி சோடா மாவு போட்டுத் தேய்ச்சு, காய வச்சு மாட்டுங்க. எலுமிச்சை ஜூஸ், மோர் ரெண்டையும் செம்பு பாட்டில்ல ஊத்தாதீங்க, புளிப்புல செம்பு கரையும்.

நடுவுல அவசரம்னா தாணே, தாதர் மாதிரி பெரிய ஸ்டேஷன்ல இறங்கிடறது நல்லது, அடக்கிட்டு கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வரைக்கும் போகாதீங்க. எந்த பிளாட்ஃபாரத்துல டாய்லெட், எத்தனை மணிக்குத் திறக்கறாங்கன்னு ஒரு நாள் பார்த்து வச்சுக்கோங்க. ஆண்களுக்கு இலவசம், பெண்களுக்குக் காசுங்கறதை எதிர்த்துத்தான் இந்த ஊர்ல 2011ல "ரைட் டு பீ" (சிறுநீர் கழிக்கும் உரிமை) இயக்கமே ஆரம்பிச்சாங்க.

—

நெஃப்ரோ_டெக்_செம்பூர்

அத்தை விஷயம் விட்டுப்போய்விட்டது. வயதானால் தாக உணர்வு மங்கும், அதனால் "தாகம் எடுக்கலை" என்பதை அளவுகோலாக வைக்க முடியாது. முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயாசைட், குளோர்தாலிடோன், ஃபுரோசமைட் என்று இருந்தால் அது நீர் பிரிக்கும் மாத்திரை. முதல் இரண்டும் சேர்ந்த தயாசைட் வகையில் வெறும் தண்ணீரை அதிகமாகக் கொடுத்து உப்பையும் அடியோடு நிறுத்தினால் சோடியம் இறங்கும். இதயத் தளர்ச்சியோ சிறுநீரகக் குறைபாடோ இருந்தால் டாக்டர் சொன்ன அளவுதான், இங்கே எழுதிய எதுவும் அவருக்குப் பொருந்தாது. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், கேட்காமல் தினம் கொடுக்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் குடிப்பது 1.5 லிட்டர் போதும். காலையில் ஒரு சொம்பில் 750 மில்லி நிரப்பி அவர் உட்காரும் இடத்தில் வையுங்கள், மதியம் ஒரு மணிக்குள் காலியாக வேண்டும். மறுபடி நிரப்பினால் மாலை ஏழுக்குள். அதற்கு மேல் வேண்டாம், ராத்திரி எழுந்து போகையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் பெரிய பயம். எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு, நாக்கு வறண்டிருப்பது, திடீரென்று பேச்சில் தடுமாற்றம் இருந்தால் உடனே காட்டுங்கள். நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்று புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது இந்த வயதில் சரியாக வராது.