கம்பிக் கொக்கி மூடி போட்ட பாட்டில்களை மறுபடி பயன்படுத்துவது பற்றி

கேள்வி: பாபநாசத்திலிருந்து

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மைத்துனர் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர். பீங்கான் மூடி, ரப்பர் வளையம், கம்பிக் கொக்கி ஆகியவற்றோடு கூடிய காலிப் பாட்டில்கள் சிலவற்றை எங்களுக்குக் கொடுத்துச் சென்றார். நம் மாநிலத்தில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்து நொதிக்க வைக்கும் சோடாவை இவற்றில் அடைக்க விரும்புகிறேன். வெந்நீரில் அலசினால் மட்டும் போதுமா? எங்கள் போர் தண்ணீரில் கழுவக் கழுவ உட்புறம் வெள்ளையாகப் படிகிறது. அதையும் எப்படிப் போக்குவது?

பதில்: திருவையாற்றிலிருந்து

வெந்நீரில் அலசுவது மட்டும் போதாது. அழுக்கை நீக்குவதும் கிருமியை நீக்குவதும் தனித்தனி வேலைகள். முதலாவது முழுமையாக முடியாமல் இரண்டாவதால் பயன் இல்லை, ஏனெனில் கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய படலத்துக்கு அடியில் இருக்கும் நுண்ணுயிரிகளை எந்த மருந்தும் சென்று சேராது. ஆகவே முதலில் மூடியையும் கம்பியையும் கழற்றி, ரப்பர் வளையத்தைத் தனியே எடுத்துவிடுங்கள். அதன் அடிப்பக்கத்தில்தான் பழைய பானத்தின் பிசுக்கு தங்கியிருக்கும். சலவைச் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை ஓர் இரவு ஊற வைத்து, நீண்ட பிரஷால் தேய்த்து அலசுங்கள். வெள்ளைப் படிவு சுண்ணாம்பு உப்பு என்பதால் சோடாவுக்கு அசையாது. வினிகரைச் சிறிது நேரம் ஊற்றி வைத்தால் கரைந்துவிடும்.

கிருமி நீக்க எளிய வழி கொதிநீர்தான். பெரிய அண்டாவின் அடியில் துணி விரித்து, பாட்டில்களைக் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, மெல்லச் சூடேற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு அதே நீரிலேயே ஆற விடுங்கள். சூடான பாட்டிலைக் குளிர்ந்த தரையில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். வளையத்தைச் சில நிமிடம் மட்டும் கொதிக்க வைத்தால் போதும்.

பதில்: நாகப்பட்டினத்திலிருந்து

நிறையப் பாட்டில்கள் இருந்தால், பீர் தயாரிப்பவர்கள் பயன்படுத்தும், பாஸ்பாரிக் அமிலம் கொண்ட, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கித் திரவம் வசதியானது. ஸ்டார் சான் என்ற வகையை லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 மில்லி கலந்து, பாட்டிலின் உட்புறம் முழுதும் நனைய ஓரிரு நிமிடம் வைத்துக் கவிழ்த்தால் போதும். ஆனால் கரைசலின் பி.ஹெச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 3-க்குக் கீழே இருந்தால்தான் அது வேலை செய்யும். எங்கள் கடலோரப் பகுதியின் கடின நீர் அந்த அமிலத்தை வலுவிழக்கச் செய்துவிடும் என்பதால் ஆர்.ஓ. நீரிலேயே கலக்குங்கள். பிளீச்சிங் பவுடரைத் தவிர்ப்பதே நல்லது. கம்பியை அரிக்கும், அதன் வாடை எளிதில் போகாது, வினிகரோடு சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும்.

பதில்: மன்னார்குடியிலிருந்து

மேலே சொன்னவை சரியானவை. இருப்பினும் என் கவலை அழுத்தத்தைப் பற்றியது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை முழுமையாக நொதித்தால் ஏறக்குறைய 2 கிராம் கரியமில வாயு, அதாவது அந்தத் திரவத்தின் அளவுக்குச் சமமான வாயு கிடைக்கும். பீரில் சர்க்கரை பெரும்பாலும் நொதித்து முடிந்த பிறகே அளந்து சிறிது சேர்த்து அடைக்கிறார்கள். அதனால் வாயு பொதுவாக இரண்டரை மடங்கோடு நின்றுவிடும். உங்கள் இஞ்சிச் சோடாவிலோ லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை இருந்தால் அது முழுவதும் நொதிக்கையில் இருபது மடங்கு வாயு உண்டாகும். அதைத் தாங்கும் கண்ணாடிப் பாட்டில் கிடையாது. சித்திரை வைகாசி வெயிலில் நொதித்தல் மிக வேகமாக நடக்கும் என்பதால், அதே பானத்தை ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் அடைத்து வையுங்கள். அது கையில் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுகியவுடன் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஆலிவ் எண்ணெய் வந்த சதுரப் பாட்டில்களிலும் இதே மூடி இருக்கிறது, அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: மன்னார்குடியிலிருந்து

வேண்டாம், ஐயா. அவை வாயு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல; சதுர மூலைகளில் அழுத்தம் குவிந்து வெடிக்கும். உருண்டையான பீர் பாட்டில்களிலும் கழுத்து சிதைந்ததையும் கீறல் விழுந்ததையும் ஒதுக்கிவிடுங்கள். வளையம் தட்டையாகிப் பள்ளம் விழுந்திருந்தாலோ, இழுத்தால் வெடிப்பு தெரிந்தாலோ புதியது மாற்றுங்கள்.