புதுப்பிப்பு: அன்டோரா போய் வந்தாச்சு, விசா விவரம் இதோ

இந்தியப் பாஸ்போர்ட்டில் பார்சிலோனாவிலிருந்து, ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கும் குட்டி நாடான அன்டோராவுக்குப் போகத் தனி விசா வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

அங்கே விமான நிலையமும் கிடையாது, ரயிலும் கிடையாது. ஸ்பெயின் அல்லது பிரான்ஸ் வழியாகத்தான் உள்ளே போக முடியும். இந்த இரண்டும் ஷெங்கனில் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி) இருக்கின்றன. ஆனால் அன்டோரா ஷெங்கனில் சேராத நாடு. எல்லையைத் தாண்டினாலே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசாவோடு போனால் திரும்பி வரச் சட்டப்படி வழியில்லை. தயவுசெய்து இதில் ரிஸ்க் எடுக்காதீர்கள். விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள், பயணத் திட்டக் கடிதத்தில் அன்டோராவையும் எழுதுங்கள். கைக்கு வந்த விசா ஸ்டிக்கரில் ‘மல்ட்’ (MULT, அதாவது பலமுறை நுழைவு) என்று இருக்கிறதா பார்த்துவிட்டு பஸ் டிக்கெட் போடுங்கள்.

எங்கள் பஸ் போகும்போது எல்லையில் நிற்கவே இல்லை. திரும்பும்போதுதான் ஸ்பெயின் சுங்கத்தில் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். வரியில்லாமல் தலைக்கு 300 சிகரெட், விஸ்கி மாதிரியான சரக்கு 1.5 லிட்டர், அவ்வளவுதான் கொண்டுவரலாம். பக்கத்து சீட்காரர் ஒவ்வொரு பாட்டிலாக வெளியே எடுத்து வைத்தார், பாவம்.

ஐரோப்பிய சிம்மின் ரோமிங் சலுகையும் அங்கே செல்லாது. எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிடுங்கள்.