அடிபட்ட வேட்டை நாயைக் காட்டில் வைத்துக் கட்டுப் போடும்போது எப்படிப் பிடிப்பது?

கேள்வி

வணக்கம். என்னுடைய நாய் 25 கிலோ எடை, ஆண், வீட்டில் யார் தொட்டாலும் பேசாமல் நிற்கும். போன முறை வேட்டையில் முள்கம்பி வேலிக்குள் பாய்ந்து பின்தொடையில் நீளமாகக் கிழித்துக்கொண்டது. ரத்தத்தை நிறுத்தலாம் என்று துணியை வைத்து அழுத்தினால் உறுமிக்கொண்டு என் கையைக் கவ்வ வருகிறது, கையை எடுத்தால் காலை இழுத்துக்கொண்டே மறுபடி மோப்பத்தின் பின்னால் ஓடப் பார்க்கிறது. கூட வந்தவர் கழுத்துப்பட்டையை இழுக்க இழுக்க இன்னும் திமிறியது. எப்படியோ துணியைச் சுற்றிக் கொண்டுபோய்த் தையல் போட்டாகிவிட்டது, காயமும் ஆறிவிட்டது. ஆனால் மருத்துவரிடம் போக ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் இதே நிலை மறுபடி வந்தால் என்ன செய்வது? கூட ஆள் இருந்தால் எப்படிப் பிடிப்பது, தனியாக இருந்தால் எப்படி?

பதில் 1

முதலில் ஒன்று, உங்கள் நாய் உங்களைக் கடிக்க வந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வலி தாங்காத நாய்க்கு அந்த நேரத்தில் எஜமான், அந்நியர் என்ற பேதம் கிடையாது.

காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே கயிற்றை மாட்டிவிடுங்கள். வேட்டை வேகத்தில் இருக்கும் நாய்க்கு வலியே உறைக்காது, கிழிந்த காலோடு எழுந்து ஓடும், ஓடினால் ரத்தமும் கூடும். நேருக்கு நேர் போய்க் குனியாமல் பக்கவாட்டில் போய் உட்காருங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். கண்ணின் வெள்ளை தெரிய ஓரப் பார்வை பார்க்கிறது, உடம்பு விறைத்து அப்படியே நிற்கிறது என்றால் அடுத்தது கடிதான்.

அப்புறம் வாயைக் கட்டுங்கள். இதற்கென்று வாய்ப்பூட்டு இல்லாவிட்டாலும் அகலமான துணிப்பட்டையோ கட்டுத்துணியோ போதும், ஒரு கை நீளத்துக்கு மேல் இருக்க வேண்டும். முதலில் பெரிய சுருக்காகப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்றே மூக்குத்தண்டின் மேல் நழுவவிட்டு இறுக்குங்கள். முடிச்சு மேலே வரட்டும். இரண்டு முனைகளையும் தாடைக்குக் கீழே கொண்டுபோய் ஒருமுறை குறுக்கே விட்டு, காதுகளுக்குப் பின்னால், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். காதுக்குப் பின்னால் கட்டாமல் விட்டால் முன்காலால் ஒரு தட்டுத் தட்டிக் கழற்றிவிடும். மூக்குத் துளையை மட்டும் துணி மூடக் கூடாது.

பதில் 2

மேலே சொன்ன கட்டு சரியானதுதான், ஆனால் எல்லா நேரத்திலும் வாயைக் கட்டலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாய்க்கு உடம்புச் சூடு தணிவது பெரும்பாலும் நாக்கை வெளியே விட்டு மூச்சிரைப்பதால்தான். ஓடி வந்து கொதிக்கும் உடம்போடு இருக்கும் நாயின் வாயை இறுக்கிக் கட்டினால் காயத்தைவிட அந்தச் சூடே அதைச் சாய்த்துவிடும். மூச்சுத் திணறினாலோ, வாந்தி எடுத்தாலோ, நினைவு தப்பினாலோ, நெஞ்சில் குத்துப்பட்டிருந்தாலோ கட்டவே கூடாது. மற்ற நேரத்திலும் வேலை முடிந்த உடனே அவிழ்த்துவிடுங்கள்.

ஆள் இருந்தால் பிடிக்கும் விதம் சொல்கிறேன். காயம் மேல்பக்கம் வரும்படி நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பிடிப்பவர் அதன் முதுகுப் பக்கம் மண்டியிட வேண்டும். ஒரு முழங்கையைக் கழுத்தின் மேல் படியவைத்து அதே கையால் தரையை ஒட்டிய முன்காலைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையை இடுப்பின் மேல் போட்டுத் தரையை ஒட்டிய பின்காலைப் பிடிக்க வேண்டும். முழு சூட்சுமமும் இந்தக் கீழ்க்கால்களில்தான் இருக்கிறது, அவற்றை ஊன்ற முடியாத நாயால் எழ முடியாது, மேல்கால்களை எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் எழுந்துவிடும். முழங்கை தொண்டையை நெரிக்காமல் கழுத்தின் பக்கவாட்டில் இருக்கட்டும். நாய் அடங்கியதும் உங்கள் பிடியையும் கொஞ்சம் தளர்த்துங்கள், இறுக்க இறுக்கத்தான் அது போராடும். கழுத்துப்பட்டையை இழுத்தபோது உங்கள் நாய் திமிறியதும் அதனால்தான்.

இன்னொருவர் துணியை வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்தட்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி வழியும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

பதில் 3

தனி ஆளாக இருந்தால் அந்தப் பிடி நடக்காது. நான் செய்வது இதுதான்: வாயைக் கட்டிய பிறகு கயிற்றை மரத்தில் நாயின் தலை உயரத்துக்குக் குட்டையாகக் கட்டுவேன். சுருக்குக் கயிற்றில் அப்படிக் கட்டக் கூடாது, சரிந்து விழுந்தால் கழுத்தை நெரித்துவிடும், அகலமான பட்டையோ மார்புப் பட்டையோதான் வேண்டும். பிறகு நாயின் பின்பக்கம் உட்கார்ந்து அதன் விலாவை என் முழங்கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். சட்டையைக் கழற்றித் தலைமேல் தளர்வாகப் போட்டுக் கண்ணை மறைத்தாலே பல நாய்கள் அடங்கும்.

எவ்வளவு செய்தும் வெறித்தனமாகப் போராடினால் அடக்கிப் பிடிக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். காயத்தைக் கெட்டியாகச் சுற்றிவிட்டுக் கிளம்புவதே மேல். கம்பியில் மாட்டியிருந்தால் நாயை இழுக்காதீர்கள், கம்பியை வெட்டுங்கள், அதற்கென்று குறடு ஒன்று பையில் இருக்கட்டும். குச்சி ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். காட்டுப்பன்றி குத்திய காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே பெரிதாகக் கிழிந்திருக்கும், அதை நீங்களே துழாவாமல் மூடிக் கட்டி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கீழ்க்கால் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. வலி குறைந்தால் அடங்கும் என்று நாம் சாப்பிடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? கடித்தே விட்டால்?

பதில் 2

மாத்திரை வேண்டவே வேண்டாம். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். அதைவிட, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கட்டுப் போட்டு அழகு பார்க்க நேரமில்லை, மேல்சட்டையையோ போர்வையையோ விரித்து அதில் படுக்கவைத்துத் தூக்குங்கள்.

உங்களைக் கடித்துவிட்டால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 1

இன்னும் ஒன்று: இதையெல்லாம் வீட்டில் பழக்குங்கள். நல்ல உடம்போடு இருக்கும்போது வாய்ப்பூட்டுக்குள் தீனி வைத்து மூக்கை நுழைக்க விடுங்கள், பல நாட்கள் கழித்துத்தான் வாரை மாட்டுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பாதம், விரலிடுக்கு, காது, தொடை எல்லாம் தடவிப் பார்த்து, அசையாமல் கிடந்தால் தீனி கொடுங்கள். கட்டுத்துணி சுற்றியும் பழக்குங்கள். அசைந்தால் திட்ட வேண்டாம், நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வேட்டைக்கு வருபவரும் இரண்டொரு முறை வந்து இதே பிடியைப் போட்டுப் பார்க்கட்டும், ஏனென்றால் அங்கே பிடிக்கப் போவது பெரும்பாலும் அவர்தான்.