அன்சப்ஸ்கிரைப் பட்டன் வேலை செய்யவில்லை; சிலர் கேட்காமலே பட்டியலிலிருந்து போய்விடுகிறார்கள்

தறிக்கட்டை:
ஆன்லைன் துணிக்கடை ஒன்றின் வாராந்திரச் சலுகை மெயில். மொத்தம் 14,000 முகவரி, பெரும்பாலும் ஜிமெயில். தளம் ஓடுவது ஜாங்கோவில் (பைத்தான் வலைச்சட்டகம்). முன்பு அடியில் இருந்த அன்சப்ஸ்கிரைப் (பட்டியலிலிருந்து நீங்கும்) லிங்க்கை அழுத்தினால் லாகின் கேட்கும். இப்போது அதை எடுத்துவிட்டு, அழுத்தியதும் உடனே நீங்கும்படி மாற்றி, லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் ஹெடரும் (நீங்கும் வழியை மெயில் மென்பொருளுக்குச் சொல்லும் மறை வரி) சேர்த்தாயிற்று. ஜிமெயில் தரும் பட்டனை அழுத்தினால் சர்வர் பதிவில் (லாக்) 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை விழுகிறது, முகவரி பட்டியலில் அப்படியே நிற்கிறது. கம்பெனி முகவரிகளில் நேர்மாறு: மெயில் போன சில நொடியிலேயே நீங்கிவிடுகிறார்கள், கேட்டால் "நாங்கள் எதையும் தொடவில்லை" என்கிறார்கள். எங்கே தப்பு?

குறுக்குச்சால்:
முதலில் 403. ஜிமெயில் பட்டன் உங்கள் பக்கத்தைத் திறப்பதில்லை. கூகுளின் சர்வர் நேராக ஹெடரில் உள்ள உங்கள் வலை முகவரிக்கு ஒரு போஸ்ட் (ஒரு செயலைச் செய்யச் சொல்லும் கோரிக்கை) அனுப்பும். அதில் குக்கி கிடையாது, லாகின் கிடையாது, சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (கோரிக்கை உங்கள் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) கிடையாது. ஜாங்கோ அதைத் திருட்டுக் கோரிக்கை என்று நினைத்துத் தள்ளிவிடுகிறது. அந்தக் கோரிக்கையை வாங்கும் ஒரு வியூவுக்கு (ஜாங்கோ ஃபங்ஷன்) மட்டும் சிஎஸ்ஆர்எஃப் விலக்கு கொடுங்கள்; தளம் முழுக்க எடுத்துவிடாதீர்கள். யார் நீங்குகிறார் என்பது லிங்க்கில் உள்ள கையொப்பமிட்ட டோக்கனிலிருந்தே (உங்கள் ரகசியச் சாவியால் முத்திரையிட்ட குறியீடு) தெரிய வேண்டும். மின்னஞ்சல் முகவரியை அப்படியே லிங்க்கில் வைத்தால் எவரும் எவரையும் நீக்கலாம்.

இதற்கான விதி 2017இல் வந்த ஆர்.எஃப்.சி. 8058 என்ற இணையத் தரநிலை ஆவணம். இரண்டு ஹெடர் வேண்டும். லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்பில் எச்டிடிபிஎஸ் முகவரி; லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட்டில் 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்=ஒன்-கிளிக்' என்ற ஒரே வரி. இரண்டும் டிகிம் (மெயிலில் அனுப்பும் டொமைன் இடும் டிஜிட்டல் முத்திரை) கையொப்பத்துக்குள் இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கையொப்பம் போட்ட பிறகு வேறொரு மென்பொருள் ஹெடரைச் சேர்த்தால் அது கணக்கில் வராது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து, டிகிம் வரியின் 'எச்=' பட்டியலில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீடைரக்ட்டும் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதும்) கூடாது. வலை முகவரிக் கடைசியில் சாய்கோடு விட்டுப்போனால் ஜாங்கோ 301 என்ற திருப்பும் பதிலை அனுப்பும். அந்தத் திருப்பத்தில் போஸ்ட் பெரும்பாலும் கெட் (பக்கத்தைக் காட்டு என்று மட்டும் கேட்கும் கோரிக்கை) ஆகிவிடும். லாகில் எல்லாம் பச்சையாகத் தெரியும், ஆள் மட்டும் நீங்கியிருக்க மாட்டார்.

நடுநிசி_டீ:
ரெண்டாவது பிரச்சினை ஸ்கேனர். ஆபீஸ் மெயில் பாதுகாப்பு மென்பொருள் உள்ளே வர்ற லிங்க் எல்லாத்தையும் வைரஸ் இருக்கான்னு தானே திறந்து பார்க்கும். உங்க லிங்க் கெட் வந்ததுமே ஆளை நீக்குது, அதான் நொடியில போயிடறாங்க. முன்னாடி மாதிரி லாகின் வெக்கிறது இதுக்குத் தீர்வு இல்ல, அது ஆளைத் தடுக்கிற பூட்டு. கெட் வந்தா ஒரு பக்கத்தைக் காட்டுங்க, அதுல ஒரே ஒரு பட்டன். நீக்குற வேலை போஸ்ட்ல மட்டும். முகவரியைத் திரும்ப டைப் அடிக்கச் சொல்லாதீங்க, மூணு முகவரி வெச்சிருக்கிறவருக்கு எதுல பதிஞ்சோம்னே ஞாபகம் இருக்காது.

தறிக்கட்டை:
நன்றி, 403 போய்விட்டது. இன்னும் இரண்டு. "ஏன் போகிறீர்கள்" என்ற காரணத்தைக் கட்டாயமாக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா? நீங்கியவர்களில் சிலருக்கு மறுபடி மெயில் போகிறதே, அது ஏன்?

குறுக்குச்சால்:
காரணம் கேட்கலாம், நீக்கி முடித்த பிறகு, விருப்பம் இருந்தால் மட்டும். அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பாம் சட்டப்படி நீங்குவதற்கு முகவரியும் விருப்பத் தேர்வும் தவிர வேறு தகவலைக் கட்டாயமாக்கக் கூடாது, ஒரு பக்கத்துக்கு மேல் நடக்க விடவும் கூடாது. நம் நாட்டு 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவும், சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ அதற்கு ஒப்பாக அதைத் திரும்பப் பெறுவதும் சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு டிக்கில் சேர்த்துவிட்டு ஐந்து கேள்வி கேட்டு அனுப்புவது அதில் நிற்காது.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். வழி கிடைக்காதவர் ஸ்பாம் பட்டனை அழுத்துவார். ஸ்பாம் புகார் 0.10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.30ஐத் தொடவே கூடாது என்பது கூகுளின் வரம்பு. ஜிமெயிலுக்குப் போன 10,000 மெயிலில் 30 பேர் எரிச்சலானால் போதும். ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயில் அளவில் ஒருமுறை தொட்டுவிட்டாலே நீங்கள் மொத்த அனுப்புநர். பிறகு குறைத்தாலும் அந்தப் பெயர் போகாது. மொத்த அனுப்புநரின் விளம்பர மெயிலுக்கு ஒரே அழுத்தில் நீங்கும் வசதி கட்டாயம், இரண்டு நாளுக்குள் நீக்கியாக வேண்டும்.

நடுநிசி_டீ:
மறுபடி போறதுக்குக் காரணம் பெரும்பாலும் எக்செல். நீங்கினவரோட வரியையே டேபிள்ல இருந்து அழிச்சிருப்பீங்க. அடுத்த தடவை பில்லிங்ல இருந்து பட்டியலை ஏத்தும்போது அவரும் புதுசா வந்து உட்கார்ந்துடுவார். அழிக்காதீங்க. தடைப்பட்டியல்னு தனி டேபிள் வெச்சு, முகவரியைச் சின்ன எழுத்தா மாத்தி, முன்பின் இடைவெளி எடுத்துட்டுச் சேமியுங்க. அனுப்புற நொடியில ஒவ்வொரு முகவரியையும் அதோட ஒப்பிடணும். காலையில பட்டியல் எடுத்து வெச்சுட்டு சாயங்காலம் அனுப்பினா, நடுவுல நீங்கினவங்களுக்கும் போயிடும்.

ஆர்டர் ரசீது, பாஸ்வேர்ட் மெயில் எல்லாம் இந்தத் தடையில மாட்டக் கூடாது, அது தனி வழி. ஆனா ரசீதுக்குக் கீழ "தீபாவளி 40% தள்ளுபடி"னு ஒட்டினீங்கன்னா அதுவும் விளம்பரம்தான்.

குறுக்குச்சால்:
ஒன்று விட்டுப்போனது. டோக்கன் ரகசியச் சாவியை மாற்றினால் பழைய மெயில்களில் உள்ள லிங்க் எல்லாம் செத்துவிடும். அனுப்பிய பிறகு அமெரிக்காவில் 30 நாள், கனடாவில் 60 நாள் அது வேலை செய்தாக வேண்டும். ஜாங்கோ 4.1 முதல் பழைய சாவிகளையும் ஏற்க சீக்ரெட்-கீ-ஃபால்பேக்ஸ் அமைப்பு இருக்கிறது, பழையதை அதில் போட்டு வையுங்கள்.